பணியில் சேர்ந்த நாள்

மே மாதம் பிறந்ததும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் கல்லூரிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிய ஆய்வகம் திறப்பு, குளிரூட்டிய கருத்தரங்கக் கூடம், சென்னையில் இருக்கும் ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், ‘நாக்’ தரமதிப்பீட்டில் ஒரு படி ஏற்றம். எல்லாப் படத்திலும் வரிசை ஒன்றுதான். நடுவில் தாளாளர், பக்கத்தில் சால்வையோடு விருந்தினர், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட துறைத் தலைவர். போலகத்திலிருந்து திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவுக்கு வந்தால் இதே செய்திகள் பிளெக்ஸ் பலகைகளாக நின்றுகொண்டிருக்கும். கல்லூரியின் பெயரைவிட அதன் நுழைவாயில் பெரிதாக இருக்கும். சில பலகைகளில் அந்த நுழைவாயில் மட்டும்தான் இருக்கும்.

இவையெல்லாம் பொய்ச் செய்திகள் என்று நான் சொல்லவில்லை. கூடத்தைக் கட்டித்தான் இருப்பார்கள். ஒப்பந்தத்திலும் யாரோ கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பார்கள். என் குறை வேறு. இன்ன கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர் இருபது வருஷமாக அங்கேயே இருக்கிறார் என்று ஒரு செய்தியை நான் இதுவரை படித்ததில்லை. ஓய்வு பெற்றால் ஒரு பாராட்டு விழா, செத்துப்போனால் ஒரு கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவர் இருந்து பாடம் நடத்திய காலம் செய்திக்கு ஆகாது. ஒரு பல்கலைக்கழகம் முன்னேறுகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நம்பகமான அடையாளம் இது ஒன்றுதான்: அங்கே வேலைக்கு வந்தவர்கள் போகாமல் இருக்கிறார்களா?

எங்கள் காரைக்கால் சின்ன மாவட்டம். பரப்பு 157 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். சுற்றிலும் தமிழ்நாடு, எதிரே கடல். இந்தத் துண்டு நிலத்துக்குள் திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி, ஜிப்மரின் கிளை, புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம், கோட்டுச்சேரிப் பக்கம் சேலத்து விநாயகா மிஷன் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி என்று வளாகங்களுக்குக் குறைவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளும் தனியார் பொறியியல் கல்லூரிகளும் தனி. ஆனால் பல்கலைக்கழகம் என்று பெயர்ப்பலகை மாட்டி, இங்கேயே தலைமையிடமும் வைத்துக்கொண்ட ஒன்று கிடையாது. எங்கள் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் கையெழுத்து பெரும்பாலும் காலாப்பட்டிலோ சேலத்திலோ விழுகிறது. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பு சென்னையில் விழுந்தது. ஆகவே வளாகம் வேறு, பல்கலைக்கழகம் வேறு என்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி.

இவற்றில் என்.ஐ.டி. தொடங்கிய விதம் எனக்குப் பிடித்தமானது. 2010இல் அது ஆரம்பமானபோது அதற்கென்று நிலத்தில் ஒரு செங்கல்லும் எழும்பியிருக்கவில்லை. முதல் மாணவர்கள் திருச்சி என்.ஐ.டி.யில் போய் உட்கார்ந்தார்கள், அங்கிருந்த ஆசிரியர்களே பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் காரைக்காலுக்கு வந்து தற்காலிக இடத்தில் நடந்தது. திருவேட்டக்குடி அதற்கும் பிறகுதான். நிலம், சுவர், பெயின்ட், கடைசியில் வாத்தியார் என்று போகும் வழக்கமான வரிசை அங்கே தலைகீழாக நடந்தது. அரசாங்கம் யோசித்துச் செய்தது என்று சொல்ல மாட்டேன். கட்டடம் தாமதமானதால் வந்த நன்மை அது.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அண்ணாமலை. ஆனால் அது ஒரு காலத்தில் தனியாருடையதாக இருந்தது என்பதே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தரங்கம்பாடி, சீர்காழி வழியாக வடக்கே போனால் கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம். தண்டவாளத்துக்குக் கிழக்கே திருவேட்களம். அங்கே 1920இல் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதோடு தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் கல்லூரிகள் சேர்ந்துகொண்டன. 20 லட்சம் ரூபாய் கொடையோடு இவற்றையும் அவர் ஒப்படைக்க, 1929இல் அது பல்கலைக்கழகம் ஆயிற்று. பதிலுக்கு நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவி. சொத்தைக் கொடுத்துச் சொல்லுரிமையை வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் செட்டிநாட்டுக் கணக்குத் தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை.

அந்த முதல் இருபது வருஷங்களில் அண்ணாமலை நகரிலிருந்து வெளியே போன செய்தி என்னவென்று பார்த்தால், அத்தனையும் ஆட்கள். 1931இல் மட்டக்களப்புக் காரைத்தீவிலிருந்து விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக வந்து சேர்கிறார். இரண்டு வருஷத்தில் அவர் ஊர் திரும்பிய பிறகு அந்த இடத்துக்கு நாவலர் சோமசுந்தர பாரதியார் வருகிறார். 1935இல் துணைவேந்தராக வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. இசைக் கல்லூரிக்கு டைகர் வரதாச்சாரியார். ரா. இராகவையங்கார் ஆராய்ச்சிக்கென்று வந்து உட்கார்கிறார். பின்னால் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், வெள்ளைவாரணனார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இசைத் துறையில் எம்.எம். தண்டபாணி தேசிகர். சினிமாவில் நந்தனாராக நடித்துப் பேர் வாங்கிய தேசிகர், எங்களுக்குப் பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரர். நடிகரைக் கூப்பிட்டுத் துறைத் தலைவராக உட்கார வைப்பது இன்றைக்கு அவ்வளவு எளிதல்ல. முனைவர் பட்டம் எங்கே, நெட் எங்கே, கட்டுரை வெளியீட்டுப் புள்ளி எங்கே என்று கேட்டிருப்பார்கள். தேவாரப் பண்ணைத் தொண்டையில் வைத்திருந்தவரிடம் கேட்கத் தோன்றாத கேள்விகள் அவை.

அந்த ஆட்கள் வந்ததால் அங்கே வேறு சிலவும் நடந்தன. நாற்பதுகளில் தமிழிசைக்கான கிளர்ச்சிக்கு அண்ணாமலை நகர் ஒரு முக்கியமான மேடை. நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே தமிழ் படித்த மாணவர்கள். 1965 இந்தி எதிர்ப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த மாணவர் ராசேந்திரனுக்கு வளாக வாயிலிலேயே சிலை இருக்கிறது. அவரைப் போலச் சிலையாகாத இன்னொரு பெயர், 1971இல் முதலமைச்சருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தின்போது குளத்தில் பிணமாகக் கிடைத்த உதயகுமார். ஒரு வளாகத்தின் செய்தி என்றால் இவையும்தான். எந்தப் பல்கலைக்கழக இதழும் முகப்பில் போட விரும்பாத செய்திகள் என்பது வேறு விஷயம்.

ஆனால் என் வாதத்துக்குப் பெரிய இடைஞ்சலும் இதே அண்ணாமலைதான். 2013இல் அது விழுந்தது கட்டடத்தால் அல்ல, ஆட்களால். பொறியியல், மருத்துவம், தொலைதூரக் கல்வி என்று வருமானம் பெருகிய பத்தாண்டுகளில் வேலைக்கு எடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊழியர்கள், அதில் பெரும்பகுதி ஆசிரியர் அல்லாதவர்கள். 2012 இறுதியில் சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் மொத்தப் பேரும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அனுப்பியது. அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டது. செட்டிநாட்டு இணைவேந்தர் பதவி அத்தோடு முடிந்தது. உபரி என்று கணக்கிட்டவர்களை ஆயிரக்கணக்கில் பணிநிரவல் செய்தார்கள். அரசுக் கல்லூரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ‘அண்ணாமலையிலிருந்து வந்தவர்’ என்று ஒரு தனி இனமே உருவானது. ஒரு அலுவலகத்தில் எனக்குச் சான்று எழுதிக்கொடுத்த ஒருவர், தான் முன்பு விடுதிக் கணக்கு பார்த்ததாகச் சொன்னார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஆகவே போகாமல் இருப்பது மட்டும் போதாது, எதற்காக வந்தார்கள் என்பதும் சேர வேண்டும். விபுலானந்தர் இரண்டே வருஷம்தான் இருந்தார். ஆனால் அவர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலுக்கான தேடலில் அந்த இரண்டு வருஷத்துக்கும் பங்கு உண்டு. பாடம் நடத்தவே அவர் அழைக்கப்பட்டார். பின்னால் வந்த கூட்டம் வேலைக்காக வந்தது. வேலை கேட்டு வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டெல்டாவில் சாகுபடி பொய்த்த வருஷங்களில் ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள். எடுத்தவர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணாமலையில் ஆள் அதிகமாகிக் கவிழ்ந்தது. இப்போதைய நோய் நேர்மாறானது. தாளில் ஆள் இருக்கும், வகுப்பில் இருக்காது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலைத் தோண்டி எடுத்து வைத்தபோது, 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாக இருந்தார்கள். சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ‘பணியாற்றிய’ அதிசயமும் உண்டு. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அந்த விகிதத்தைக் காட்டத்தான் இந்த வித்தை.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், என் பெரியம்மா பேத்தி, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தாள். எந்த மாவட்டம் என்றுகூடச் சொல்லப்போவதில்லை. சேரும்போதே பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரைக்கும் அசல் சான்றிதழ்களை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் நாலு நாளைக்கு முன்னாலேயே தெரிந்துவிடுமாம். படிக்கட்டுக் கைப்பிடியில் பெயின்ட் ஒட்டும். நூலகத்துக்கு டெம்போவில் புத்தகங்கள் வரும். அவற்றில் முத்திரை குத்தி, எண் போட்டு, பின்னட்டைக்குள் தேதிச் சீட்டு ஒட்டுவதற்கு எல்லாத் துறையிலிருந்தும் ஆள் கேட்பார்கள். புத்தகம் நிறைய நாளாகப் புழங்கியது போலத் தெரிய வேண்டும் என்பதால் சில சீட்டுகளில் பழைய தேதிகளையும் குத்த வேண்டுமாம். இவள் அதில் கெட்டிக்காரி. தேதி முத்திரையை மைத்தட்டில் இரண்டு தடவை அழுத்தி ஒரு தடவை மங்கலாகக் குத்தினால் பழசு போல விழும் என்று எனக்குச் செய்தே காட்டினாள்.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் தெரியாத முகங்கள் நிறைய இருக்கும். கழுத்தில் புத்தம் புது அடையாள அட்டை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் இவள் மரியாதைக்கு, “சார் எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டிருக்கிறாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு சிவிலும்மா” என்றாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. அடுத்த வருஷம் வேலையை விட்டாள். சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவதற்குள் வாங்கிய சம்பளத்தில் பாதியைக் கட்டவேண்டி வந்தது. இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். கால்குலஸ் நன்றாகச் சொல்லித்தருகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேர்.

பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனால்தானே தரம் கிடைக்கும்? அதிலும் ஓட்டை விழுந்தாயிற்று. 2025 பிப்ரவரியில் குண்டூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்தபட்சத் தரமான ஏ பிளஸ் பிளஸ் கிடைக்கச் செய்வதற்காக ரொக்கம், தங்கம், மடிக்கணினி என்று லஞ்சம் கைமாறியதாகச் சொல்லி, ‘நாக்’ ஆய்வுக் குழுவினரையும் பல்கலைக்கழகத்துப் பெரியவர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கு நீதிமன்றம் பார்க்கட்டும். எனக்கு இதில் வேறொரு விஷயம் விநோதமாகப் பட்டது. பல்கலைக்கழகங்களுக்கான ‘நாக்’ மதிப்பெண் அப்போது மொத்தம் ஆயிரம். அதில் உள்கட்டமைப்புக்கும் கற்றல் வளங்களுக்கும் ஒதுக்கியது நூறு. கற்பித்தலுக்கும் மதிப்பிடலுக்கும் இருநூறு, ஆராய்ச்சிக்கு இருநூற்று ஐம்பது. அதாவது தரம் போடுகிற அமைப்பின் கணக்கிலேயே கட்டடம் பத்தில் ஒரு பங்கு. செய்தித்தாளிலும் பிளெக்ஸிலும் அது பத்தில் ஒன்பதாகிவிடுகிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறவர் எதைப் படம் பிடிக்க முடியுமோ அதைத்தான் பிடிப்பார் என்பது நியாயமான பதில்தான். ஓர் ஆசிரியர் கரும்பலகை முன்னால் நின்று மூன்றாவது முறையாக அதே கணக்கைப் போட்டுக்காட்டுவதைப் படம் பிடித்தால் அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

திருமலைராயன்பட்டினத்துக்காரர்களிடம் இன்ஸ்பெக்‌ஷன் பற்றிப் பேசினால் காளமேகம் வராமல் போகமாட்டார். 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் என்ற சிற்றரசன் இருந்த ஊர் இது. அவனுடைய சபையில் அதிமதுர கவி என்ற தலைமைப் புலவர், அவருக்குக் கீழே பல்லக்கில் போகும் தண்டிகைப் புலவர்கள் 64 பேர் என்று கதை. அறுபத்து நாலு! இவ்வளவு சின்னப் பட்டினத்துக்கு இத்தனை புலவர்கள் எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு விகிதாச்சாரத்தைக் காட்ட வேண்டியிருந்திருக்கும். சீரங்கத்தில் மடைப்பள்ளி வேலை பார்த்து, ஆனைக்கா அம்மன் எச்சில் தாம்பூலத்தால் புலவரானவர் என்று சொல்லப்படும் காளமேகம் ஒரு நாள் அங்கே வந்து நிற்கிறார். படிப்பு இல்லை, பட்டம் இல்லை, யாருடைய மாணவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு குருவும் இல்லை. யமகண்டம் பாடு என்கிறார்கள். கீழே கொதிக்கும் கொப்பரை, மேலே உறியில் உட்கார்ந்த புலவன், உடம்பைச் சுற்றிக் கத்திகள், கத்திகளின் சங்கிலி யானைகளிடம். சுற்றிலும் நின்று கேட்கும் கேள்விக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் வெண்பா சொல்ல வேண்டும். ஒன்று தவறினால் யானையைக் குத்துவார்கள். காளமேகம் எல்லாவற்றுக்கும் பாடிவிட்டு இறங்கினார். அப்படியும் ராஜா மரியாதை செய்யவில்லை. கோபத்தில் அவர் வசை பாடியதில் ஊரே மண்மாரி பெய்து அழிந்தது என்கிறார்கள். எங்கள் ஊரில் கடல்காற்று அடித்து மணல் கண்ணில் விழுந்தால் இன்றைக்கும் அவரைத் திட்டுகிற கிழவர்கள் உண்டு.

கதைதான். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்கிற யாருக்கும் அந்த அறுபத்து நாலில் ஒரு பெயர்கூடத் தெரியாது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

தனியார் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. வல்லத்தில் 1988இல் பெண்களுக்கென்று தொடங்கிய பெரியார் மணியம்மை பொறியியல் கல்லூரி 2007இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அந்த வளாகத்தின் பெரிய செய்தியாக நான் நினைப்பது அதன் மதிலுக்கு வெளியே நடந்தது. நகரத்து வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் அப்துல் கலாமின் ‘புரா’ யோசனையை எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் தண்ணீர், எரிவாயு, தொழில் பயிற்சி என்று வேலை செய்தார்கள். 2003இல் கலாமே வந்தார். சின்னப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிற வசதி இது. பக்கத்து ஊர்க்காரர் நேரே உள்ளே போய் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்த்துவிடலாம்.

‘சின்ன’ என்றால் எவ்வளவு சின்னது என்பதற்குத் தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில் ஒரு விடை சொல்லப் பார்த்தார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ச்சியாக 100 ஏக்கர் வேண்டும். அதை மாநகராட்சியில் 25, நகராட்சி, பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 என்று குறைத்துத் திருத்த மசோதா வந்தது. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது. சட்டமன்றத்தில் நிறைவேறிய சூட்டிலேயே ஆசிரியர் சங்கங்களும் இடதுசாரிகளும் கூட்டணிக்குள்ளிருந்தே மற்றவர்களும் எதிர்க்க, அரசு திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாகிவிட்டால் இட ஒதுக்கீடும் கட்டணமும் அங்கிருக்கும் ஆசிரியர் பதவிகளும் என்னவாகும் என்பது அவர்களுடைய பயம். நியாயமான பயம்.

இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. வாஞ்சூர் எல்லையோடு அது நின்றுவிடும். ஆனாலும் அந்த எண்களை நான் எங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வேலிக்கு ஏறக்குறைய ஆறரை ஏக்கர். நூறு ஏக்கர் என்றால் பதினைந்து வேலி. ஐம்பது என்றால் ஏழரை. இருபத்தைந்து என்றால் மூன்றே முக்கால் வேலி. டெல்டாவில் பதினைந்து வேலி ஒரே தாக்காகக் கிடைக்க வேண்டுமானால் ஒன்று கோயில் நிலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரில் பாதிப் பேர் விற்க வேண்டும். விற்கிறவர்கள் இல்லாமல் இல்லை. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் மேலே எல்லோரும் நாற்று நட்டு முடித்திருப்பார்கள். போலகத்தில் புதுவை அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக்கின் தொழில் மையத்துக்கான நிலம் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு நிலம் போகும் நாளும் அந்தத் திட்டம் வந்து சேரும் நாளும் ஒன்றல்ல என்று எங்கள் ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நூறா, இருபத்தைந்தா என்ற சண்டையில் இரண்டு பக்கமுமே நிலத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஏமாற்றம். எத்தனை ஏக்கர் என்று ஒரு சட்டம் கேட்கலாம் என்றால், ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கலாமே. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. அதில் பாதி கையில் வந்தாலே நிம்மதியாக இருக்கும் ஆசிரியர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் காலையில் கல்லூரி, மாலையில் மருந்துக் கடை. நன்றாகப் பாடம் நடத்துவார் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு நடத்துவார் என்று அவருக்கே தெரியாது.

விவரம் வேண்டுமென்றால் கிடைக்காமல் இல்லை. பொறியியல் கல்லூரிகள் ‘கட்டாய வெளிப்படுத்தல்’ என்று ஓர் ஆவணத்தைப் பொதுவில் வைத்தாக வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. உத்தரவு. கட்டணம், அறைகளின் எண்ணிக்கை, ஆய்வகக் கருவிகள் எல்லாம் போக, ஒவ்வோர் ஆசிரியரின் படிப்பும் அனுபவமும் அதில் இருக்க வேண்டும்; பணியில் சேர்ந்த நாளையும் சேர்த்துப் போடுகிற கல்லூரிகள் உண்டு. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சில கல்லூரிகள் உள்ளதை உள்ளபடியே போட்டுவிடும்.

போன சேர்க்கைக் காலத்தில் எங்கள் தெருவில் ஒருவர், சின்னதாக மின்சாமான் கடை வைத்திருப்பவர், மகளுக்குப் புதுவை அரசின் சென்டாக் கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டும் என்று செல்போனோடு வந்தார். பெண் கணினி அறிவியல்தான் என்று முடிவாக இருந்தாள். ஒரு கல்லூரியின் படங்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்ணாடிச் சுவர், வரிசை வரிசையாகக் கணினிகள், செயற்கைப் புல் போட்ட மைதானம். “லேப்பு சூப்பரா இருக்குண்ணே” என்றார். இருந்தது. நான் அந்த வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தேடி எடுத்து, பணியில் சேர்ந்த நாள் என்ற பத்தியைப் பெரிதாக்கிக் காட்டினேன். துறைத் தலைவரையும் இன்னொருவரையும் தவிர அத்தனை பேருக்கும் ஒரே மாதம், அதற்கு முந்தின வருஷத்து ஜூன். அவர் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் பார்த்தார். கடையில் ஸ்டாக் பார்க்கிற கண்.

“வாத்தியாருங்களே இப்பத்தாண்ணே செகண்ட் இயர் போறாங்க” என்றார்.

அந்தக் கல்லூரியை நாலாவது விருப்பமாகப் போட்டார்கள். எடுத்துவிடலாம் என்று பெண் சொன்னாள். பஸ் வசதி இருக்கிறது, கட்டணமும் மற்றதைவிடக் குறைவு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.